ஏழு நாள் தாண்டின ஃபைல்களை சர்வர்ல தானா அழிக்கிறது எப்படி?

மஞ்சக்குப்பம் | 4 நவம்பர் 2025, இரவு 9.12

கடலூர்ல ஜெராக்ஸ், பிரிண்ட் கடை. வாடிக்கையாளர்கள் கடை வெப்சைட்லயே பிடிஎஃப், போட்டோ எல்லாம் அப்லோடு பண்ணிடுவாங்க, நேர்ல வந்து பிரிண்ட் வாங்கிட்டுப் போவாங்க. உபுண்டு சர்வர், 40 ஜிபி டிஸ்க். அதுல அப்லோடு ஃபோல்டர் மட்டும் 31 ஜிபி. ஏழு நாளைக்கு மேல எந்த ஃபைலும் எங்களுக்கு வேண்டாம், தினமும் ராத்திரி தானா அழிஞ்சுடணும். கீழே இருக்கிற ஒரு வரியை கிரான்ல (குறிச்ச நேரத்துல கட்டளையைத் தானா ஓட்டுற வசதி) போட்டா வேலை முடிஞ்சுதுன்னு நினைக்கிறேன். சரிதானே?

ஃபைண்ட் முழுப்பாதை -டெலீட் -எம்டைம் +7

லாஸ்பேட்டை | 4 நவம்பர், இரவு 9.31

போடாதீங்க. கையால கூட ஒரு தடவை ஓட்டிப் பார்க்காதீங்க.

ஃபைண்ட் (ஃபைல் தேடுற கட்டளை) இடமிருந்து வலமா ஒவ்வொரு நிபந்தனையா பார்த்துக்கிட்டே போகும். டெலீட் முதல்ல இருந்தா, வயசு என்னன்னு பார்க்கிறதுக்கு முன்னாடியே அழிச்சுடும். இன்னிக்குக் காலைல வந்த ஃபைலும் போகும், ஃபோல்டருமே காலியாகி அதுவும் போயிடும். டெலீட் எப்பவும் வரியோட கடைசி.

லாஸ்பேட்டை | 4 நவம்பர், இரவு 10.05

சரியான வடிவம் இது. கட்டளையை உச்சரிப்பில் எழுதியிருக்கேன், நீங்க அடிக்கும்போது ஆங்கில எழுத்தா மாத்திக்கோங்க.

ஃபைண்ட் "முழுப்பாதை" -டைப் எஃப் -எம்மின் +10080 -பிரிண்ட்

இதுல டெலீட்டே இல்லைங்கிறதைக் கவனிங்க. முதல் ஒரு வாரம் இப்படியே ஓடட்டும், வர்ற பட்டியலை ஒரு ஃபைல்ல சேர்த்து வச்சு தினமும் படிங்க. அழியக்கூடாத பேர் ஒண்ணுகூட பட்டியல்ல இல்லைன்னு உறுதியான பிறகுதான் பிரிண்ட்டுக்குப் பின்னால டெலீட்டைச் சேர்க்கணும். பிரிண்ட்டை எடுத்துடாதீங்க. ரெண்டும் இருந்தா எது போச்சுங்கிற பதிவு தானா கிடைக்கும்.

எம்டைம் (ஃபைல் கடைசியா மாறி எத்தனை நாள் ஆச்சுங்கிற கணக்கு) +7 போட்டா அது ஏழு நாள் கணக்கு இல்ல. ஃபைண்ட் வயசை 24 மணி நேரத் துண்டா வெட்டி, மிச்சத்தை விட்டுடும். 7 நாள் 23 மணி நேரம் ஆன ஃபைல் அதுக்கு வெறும் 7. 7 ஆனது 7-ஐ விடப் பெருசு இல்ல, அதனால தப்பிச்சுடும். எட்டு நாள் முழுசா முடிஞ்சாதான் மாட்டும். ஏழுன்னா ஏழாவே இருக்கணும்னா நிமிஷக் கணக்குல எம்மின் +10080.

டைப் எஃப் (ஃபைல் மட்டும்ங்கிற நிபந்தனை) இல்லாம விட்டா காலியா இருக்கிற பழைய துணை ஃபோல்டர்களும் போகும். அப்புறம் உங்க அப்லோடு ஸ்கிரிப்ட் அந்த ஃபோல்டரைத் தேடி எழுத முடியாம நிற்கும். வாடிக்கையாளருக்கு அப்லோடு ஆகாது, உங்களுக்குக் காரணம் புரியாது.

மஞ்சக்குப்பம் | 5 நவம்பர், காலை 7.20

நன்றிண்ணா. பிரிண்ட் போட்டு ஓட்டினேன். பட்டியல்ல .எச்டிஅக்சஸ்-ம் வருது. அது நான் போன வருஷம் வச்சது.

லாஸ்பேட்டை | 5 நவம்பர், காலை 8.02

இதுக்குத்தான் முதல்ல பட்டியல் பாருங்கன்னு சொன்னது.

அப்லோடு ஃபோல்டர்ல இருக்கிற .எச்டிஅக்சஸ் சும்மா கிடக்கிற ஃபைல் இல்ல, அந்த ஃபோல்டருக்கான விதிகளை வெப் சர்வருக்குச் சொல்ற ஃபைல். யாராவது போட்டோன்னு சொல்லி பிஎச்பி ஃபைலை ஏத்தினா, அது ஓடாம தடுக்கிற வரி பெரும்பாலும் அதுக்குள்ளதான் இருக்கும். மாசக்கணக்கா யாரும் தொடாததால எந்த வயசுக் கணக்கு போட்டாலும் முதல் ஆளா அதுதான் சிக்கும். அழிஞ்சா வெப்சைட் வழக்கம்போல ஓடும், ஒரு எரர் வராது. கதவு மட்டும் திறந்து கிடக்கும்.

புள்ளியில ஆரம்பிக்கிற பேர்களை விலக்க, ஆச்சரியக்குறி, இடைவெளி, -நேம் '.*' சேருங்க. அதைவிட நல்லது, எதை அழிக்கணும்னு மட்டும் சொல்றது: பிடிஎஃப், ஜேபிஜி, ஜேபெக், பிஎன்ஜி, டாக்எக்ஸ். பெரிய எழுத்து, சின்ன எழுத்து ரெண்டும் பிடிபட -நேம் இல்ல, -ஐநேம். போன்ல எடுத்த போட்டோ நிறைய பெரிய எழுத்து நீட்சியோடதான் வரும்.

லாஸ்பேட்டை | 5 நவம்பர், காலை 8.15

மேல சொன்னதோட இதையும் சேர்த்துப் படிங்க, இல்லேன்னா அதுவே ஆபத்து. நீட்சிகளை -ஓ ("அல்லது") போட்டு இணைக்கும்போது எல்லாத்தையும் ஒரு அடைப்புக்குறிக்குள்ள வைக்கணும். ஷெல்லுக்காக (நீங்க அடிக்கிற கட்டளையை வாங்கி ஓட்டுற புரோகிராம்) ரெண்டு அடைப்புக்குறிக்கு முன்னாடியும் பின்சாய்வுக்கோடு.

அடைப்புக்குறி இல்லாம "-எம்மின் +10080 -ஐநேம் '*.பிடிஎஃப்' -ஓ -ஐநேம் '*.ஜேபிஜி' -டெலீட்"னு எழுதினா, ஃபைண்ட் அதை ரெண்டு தனி வரியாத்தான் எடுத்துக்கும். வயசு நிபந்தனை பிடிஎஃப்போட நின்னுடும், டெலீட் ஜேபிஜியோட ஒட்டிக்கும். விளைவு, பழைய பிடிஎஃப் ஒண்ணும் போகாது, அஞ்சு நிமிஷம் முன்னாடி வந்த போட்டோ கூடப் போயிடும்.

முத்தியால்பேட்டை | 5 நவம்பர், மதியம் 1.40

எங்களுக்கு ஷேர்ட் ஹோஸ்டிங், சிபேனல்தான். ஷெல் கிடையாது. பிஎச்பில எழுதி கிரான்ல போடலாமா சார்?

லாஸ்பேட்டை | 5 நவம்பர், மாலை 6.48

தாராளமா. முறை இது. குளோப் வச்சு ஃபோல்டர்ல இருக்கிறதை எடுத்து, ஒவ்வொண்ணும் இஸ்_ஃபைல்தானான்னு பாருங்க. டைம்() மதிப்புல இருந்து ஃபைல்எம்டைம் மதிப்பைக் கழிங்க. 604800 விநாடிக்கு, அதாவது ஏழு நாளுக்கு மேல இருந்தா அன்லிங்க் (அழிக்கிற கட்டளை). மொத்தம் பத்து வரி வராது. நட்சத்திரம் மட்டும் கொடுத்த குளோப் புள்ளி ஃபைல்களை எடுக்காது, அதனால .எச்டிஅக்சஸ் இங்க தப்பிச்சுடும்.

சிக்கல் எல்லாம் அந்தப் பத்து வரிக்கு வெளியிலதான்.

ஸ்கிரிப்ட்டை பப்ளிக்_எச்டிஎம்எல்லுக்குள்ள வைக்காதீங்க, ஒரு படி மேல வைங்க. உள்ள இருந்தா முகவரி தெரிஞ்ச யார் வேணும்னாலும் பிரவுசர்ல தட்டி ஓட்டலாம், தேடுபொறியோட ரோபோ கூட ஓட்டும். வேற வழியே இல்லைன்னா, முதல் வரியிலேயே பிஎச்பி_சாபி_நேம் 'சிஎல்ஐ'தானான்னு பார்த்து, இல்லேன்னா வெளியேறச் சொல்லுங்க.

பாதையை சும்மா 'அப்லோட்ஸ்/*'னு எழுதினா கிரான்ல வேலை செய்யாது. கிரான் உங்க ஹோம் ஃபோல்டர்ல இருந்து ஓட்டும், ஸ்கிரிப்ட் இருக்கிற இடத்துல இருந்து இல்ல. அங்க அப்படி ஒரு ஃபோல்டரே இல்லாததால குளோப் காலிப் பட்டியல் கொடுக்கும். ஒண்ணும் அழியாது, எரரும் வராது, டிஸ்க் மட்டும் நிறைஞ்சுக்கிட்டே போகும். __டிர்__ (ஸ்கிரிப்ட் இருக்கிற ஃபோல்டர்) வச்சு முழுப்பாதை கட்டுங்க. கட்டினதை ரியல்பாத்ல போட்டு, ஃபால்ஸ் வந்தா உடனே நிறுத்துங்க.

ஒரே ஃபோல்டர்ல லட்சக்கணக்குல ஃபைல் இருந்தா குளோப் வேண்டாம். அது எல்லாப் பேரையும் ஒரே நேரத்துல மெமரியில ஏத்தும். டைரக்டரிஇட்டரேட்டர் ஒவ்வொண்ணா எடுத்துத் தரும். ஆனா அது புள்ளி ஃபைல்களையும் தரும், அதை நீங்கதான் விலக்கணும்.

முத்தியால்பேட்டை | 5 நவம்பர், இரவு 9.10

அன்லிங்க் "அனுமதி இல்லை"ன்னு சொல்லுது சார். ஃபைலுக்கு 666 (எல்லாரும் படிக்க, எழுத அனுமதி) கொடுத்தும் அப்படித்தான்.

லாஸ்பேட்டை | 5 நவம்பர், இரவு 9.22

அழிக்கிறதுக்கு ஃபைலோட அனுமதி கணக்கு இல்ல, அது இருக்கிற ஃபோல்டரோட அனுமதிதான். ஃபோல்டர்ல எழுதவும் நுழையவும் உங்க கிரான் ஓடுற யூசருக்கு உரிமை இருக்கணும். 666-ஐ பழையபடி மாத்திடுங்க. 777 போடுங்கன்னு யாராவது சொன்னாலும் போடாதீங்க.

கிரான் எந்த யூசர்ல ஓடுது, வெப் சர்வர் எந்த யூசர்ல ஃபைலை எழுதுதுன்னு ரெண்டையும் பாருங்க. உபுண்டுல வெப் சர்வர் வழக்கமா டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா. மஞ்சக்குப்பம் தம்பி, நீங்களும் ரூட்ல (முழு அதிகாரம் உள்ள யூசர்) போடாம அந்த யூசரோட கிரான்டேப்லயே (கிரான் வேலைப் பட்டியல்) போடுங்க. எழுத்துப்பிழை வந்தாலும் சேதம் அந்த யூசர் தொடக்கூடிய இடத்தோட நிற்கும்.

லாஸ்பேட்டை | 6 நவம்பர், காலை 6.55

நேத்து சொன்னதுக்கு ஒரு பின்குறிப்பு. அந்த யூசரோட சேதமும் சின்னது இல்ல.

ஸ்கிரிப்ட்ல பாதையை ஒரு மாறியில வச்சு, அந்த மாறி ஏதோ காரணத்தால காலியாயிடுச்சுன்னு வைங்க. மேற்கோள்குறி இல்லாம எழுதியிருந்தா ஃபைண்ட்டுக்குப் பாதையே போய்ச் சேராது. லினக்ஸ்ல வர்ற ஃபைண்ட் பாதை இல்லேன்னா எரர் கொடுக்காது, தான் நிற்கிற ஃபோல்டரை எடுத்துக்கும். கிரான் நிற்கிறது ஹோம் ஃபோல்டர்ல. உபுண்டுல டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டாவோட ஹோம் /வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ. உங்க வெப்சைட் மொத்தமும் அங்கதான். அந்த யூசருக்கு எழுத உரிமை இருக்கிற ஃபோல்டர்கள்ல ஏழு நாளுக்கு முந்தினது எல்லாம் போகும்.

மாறியைச் சுத்தி இரட்டை மேற்கோள்குறி போட்டா, காலியா இருக்கும்போது "அப்படி ஒரு ஃபோல்டர் இல்ல"ன்னு சொல்லி நின்னுடும். ரெண்டு எழுத்து அடிக்கிற வேலை, அவ்வளவுதான்.

கடலூர் ஓ.டி. | 6 நவம்பர், காலை 11.30

மீன் ஏற்றுமதி ஆபீஸ்ல ராஸ்பெரி பை ஒண்ணுதான் லோக்கல் சர்வர். ராத்திரி 2 மணிக்கு கிரான் இருக்கு. ஆனா சாயங்காலம் ஆபீஸ் பூட்டும்போது மெயினை ஆஃப் பண்ணிடுவாங்க. ஒரு ஃபைலும் அழியவே இல்ல.

லாஸ்பேட்டை | 6 நவம்பர், மதியம் 12.15

2 மணிக்கு மெஷின் உயிரோட இல்லேன்னா கிரான் அந்த வேலையை மறந்துடும். காலைல எழுந்து பாக்கி வேலையைச் செய்யாது. வழி மூணு இருக்கு. ஆபீஸ் நேரத்துல, மதியச் சாப்பாட்டு வேளையில ஓட்டலாம். அனக்ரான் போடலாம். இல்லேன்னா சிஸ்டம்டி டைமர் வச்சு அதுல பெர்சிஸ்டென்ட்=ட்ரூ கொடுக்கலாம், தவறின வேலையை பூட் ஆனதும் செய்யும்.

ஆனா உங்க மெஷினுக்கு நான் முதல் வழியைத்தான் சொல்வேன். காரணம் கடிகாரம்.

ராஸ்பெரி பை 4 வரைக்கும் பேட்டரியோட கடிகாரமே கிடையாது. 5-ல கடிகாரம் இருக்கு, பேட்டரியை நாமதான் தனியா வாங்கி மாட்டணும். கரன்ட் போய் வந்தா நேரத்தை நெட்ல இருந்துதான் எடுக்கும். நெட் வர்ற வரைக்கும் கடைசியா அணைச்ச நேரத்தையே வச்சுக்கிட்டு ஓடும். இப்ப புயல் சீசன். தானே புயல் 2011 டிசம்பர் 30-ல அடிச்சப்பவும் சரி, போன வருஷம் நவம்பர் 30-ல புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்த ஃபெஞ்சல் அப்பவும் சரி, கரன்ட் எப்ப வந்தது, நெட் எப்ப வந்ததுன்னு உங்களுக்கே தெரியும். மெஷின் பத்து நாள் அணைஞ்சு கிடந்துட்டு, கரன்ட் வந்து நெட் வராம ஓடுதுன்னா அதுக்கு இன்னும் பத்து நாள் முந்தின தேதிதான். அந்த நேரத்துல ஆபீஸ் நெட்வொர்க்ல ஏத்தின ஃபைல் எல்லாம் பழைய தேதியோட உட்காரும். சாயங்காலம் நெட் வந்து கடிகாரம் சரியாகும். அந்த நிமிஷமே காலைல ஏத்தின ஃபைலுக்கு வயசு பத்து நாள். அடுத்த ஓட்டத்துல போயிடும்.

ஸ்கிரிப்ட்டோட முதல் வேலை கடிகாரத்தைப் பார்க்கிறதா இருக்கட்டும். டைம்டேட்சிடிஎல் கொடுத்தா "சிஸ்டம் கிளாக் சிங்க்ரனைஸ்டு"ங்கிற வரிக்கு நேரா யெஸ் வரணும். வரலேன்னா அன்னிக்கு அழிப்பு வேண்டாம். கடிகாரம் சரியானதும், நடுவுல ஏத்தின ஃபைலோட தேதியைச் சரிபண்ணிட்டுதான் மறுபடி தொடங்கணும்.

மஞ்சக்குப்பம் | 6 நவம்பர், இரவு 8.40

எங்க சர்வர் வெளிநாட்டு டேட்டா சென்டர்ல இருக்கு. அங்க நேரம் வேறயாச்சே, வயசுக் கணக்கு தப்பாகுமா?

லாஸ்பேட்டை | 6 நவம்பர், இரவு 8.52

ஆகாது. ஃபைல் நேரம் 1970 ஜனவரி 1-ல இருந்து எண்ணுற விநாடியாத்தான் பதிவாகுது, எந்த ஊர் நேரமும் அதுல இல்ல. கிரான் எப்ப ஓடும்ங்கிறது மட்டும்தான் மாறும். சர்வர் யூடிசில (உலகப் பொது நேரம்) இருந்தா, நீங்க 2 மணின்னு எழுதினது நமக்குக் காலை 7.30. கடை திறக்கிற நேரம். நம்ம ஊர் ராத்திரி 2 மணிக்கு ஓட 20.30-ன்னு எழுதுங்க.

கிரான்டேப் வரியில தேதி வச்ச பதிவு ஃபைல் பேர் கொடுக்கப் போறீங்கன்னா ஒண்ணு: சதவீதக்குறியை கிரான் புது வரின்னு எடுத்துக்கும், அதோட கட்டளை வெட்டுப்படும். முன்னாடி பின்சாய்வுக்கோடு போடணும். இல்லேன்னா எல்லாத்தையும் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட்ல வச்சு, கிரான்ல அதோட பாதையை மட்டும் கொடுங்க. நான் ரெண்டாவதைத்தான் செய்வேன்.

முத்தியால்பேட்டை | 8 நவம்பர், காலை 10.05

ஹோஸ்டிங் மாத்தினோம் சார். பழைய சர்வர்ல இருந்து ஜிப் பண்ணிக் கொண்டு வந்து விரிச்சோம். அன்னிக்கு ராத்திரியே பாதிக்கு மேல காணோம். வாடிக்கையாளரோட டிசைன் ஃபைல் எல்லாம் அதுல இருந்தது. புது சர்வருக்கு வந்து ஒரு நாள்கூட ஆகலியே?

லாஸ்பேட்டை | 8 நவம்பர், காலை 10.40

ஜிப் பழைய தேதியைத் தூக்கிட்டு வரும், விரிச்சாலும் அதே தேதிதான். ஃபைலை நகல் எடுக்கிற ஆர்சிங்க் -ஏ, சிபி -பி ரெண்டும் அப்படியே. எஃப்டிபி மென்பொருள்லயும் நேரத்தைக் காப்பாத்துற அமைப்பு உண்டு. எம்டைம்ங்கிறது ஃபைல் உள்ளடக்கம் கடைசியா மாறின நேரம், உங்க சர்வருக்கு வந்த நேரம் இல்ல. பழைய சர்வரை இன்னும் மூடலேன்னா இப்பவே மறுபடி எடுங்க. விரிச்சதும் டச் கட்டளையால எல்லா ஃபைலுக்கும் இன்னிக்குத் தேதியைப் போட்டுட்டு அப்புறம் கிரானைத் திறங்க.

ஏடைம் (ஃபைலைக் கடைசியா படிச்ச நேரம்) வச்சுப் பார்க்கலாமேன்னு அடுத்து தோணும். வேண்டாம். லினக்ஸ் இப்ப ரெல்ஏடைம் முறையில ஓடுது, படிக்கிற ஒவ்வொரு தடவையும் நேரத்தை எழுதாது. பேக்கப் மென்பொருள் படிச்சாலும் ஏடைம் மாறலாம். நம்பி அழிக்கிற அளவுக்கு அது உறுதியான கணக்கு இல்ல.

லாஸ்பேட்டை | 8 நவம்பர், மாலை 5.30

இதை யோசிச்சுப் பார்த்ததுல, புதுசா எழுதுறவங்களுக்கு நான் எம்டைமையே சொல்ல மாட்டேன். அப்லோடு ஆகும்போதே அன்னிக்குத் தேதியில ஒரு துணை ஃபோல்டர் போட்டு அதுக்குள்ள சேருங்க: 2025-11-08. வருஷம், மாசம், நாள்ங்கிற வரிசையிலேயே எழுதணும். அப்பதான் எழுத்து வரிசையும் கால வரிசையும் ஒண்ணா வரும். அழிக்கிறது ரொம்ப எளிசு. ஏழு நாள் முந்தின தேதியைக் கணக்குப் போட்டு, அதைவிடச் சின்ன பேருள்ள ஃபோல்டரை எடுத்துடலாம். பேர் சரியா அந்த வடிவத்துல இல்லாத ஃபோல்டரைத் தொடாதேன்னு ஒரு நிபந்தனை வேணும். ஜிப் பண்ணினாலும், சர்வர் மாத்தினாலும், யார் திறந்து பார்த்தாலும் ஃபோல்டர் பேர் மாறாது. கடிகாரத் தொல்லை மட்டும் இதுலயும் உண்டு.

மஞ்சக்குப்பம் | 9 நவம்பர், காலை 9.15

உடனே அழிக்க மனசு வரலண்ணா. ஒரு குப்பைத் தொட்டி மாதிரி வச்சு, மூணு நாள் கழிச்சு அழிச்சா?

லாஸ்பேட்டை | 9 நவம்பர், காலை 9.50

நல்ல முறை, செய்யுங்க. தொட்டி ஃபோல்டர் அதே டிஸ்க் பிரிவுல இருக்கட்டும். அப்பதான் நகர்த்துறது வெறும் பேர் மாத்துறது, ஒரு நொடி வேலை. வேற பிரிவுன்னா முழுசா நகல் எடுத்துட்டு அப்புறம் அழிக்கும். வெப் முகவரியில எட்டாத இடமாவும் இருக்கணும்.

தொட்டியில இருந்து அழிக்கும்போது எம்மின் போடாதீங்க. நகர்த்தினாலும் எம்டைம் மாறாது. ஃபைல் உள்ள வரும்போதே ஏழு நாள் வயசோடதான் வருது, அதனால வந்த அன்னிக்கே போயிடும். நகர்த்தினா மாறுறது சிடைம் (ஃபைலோட பேர், அனுமதி மாதிரி விவரம் மாறின நேரம்). எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் ரெண்டுலயும் அப்படித்தான். அதனால தொட்டிக்கு -சிமின் +4320.

இன்னொரு காவலும் வைங்க. நகர்த்துறதுக்கு முன்னாடி, சிக்கின ஃபைல் எத்தனை, ஃபோல்டர்ல மொத்தம் எத்தனைன்னு எண்ணிப் பாருங்க. பாதிக்கு மேல சிக்கினா ஸ்கிரிப்ட் ஒண்ணும் செய்யாம உங்களுக்கு மெயில் போடட்டும். முத்தியால்பேட்டைல நடந்ததை இது அன்னிக்கு ராத்திரியே நிறுத்தியிருக்கும். உங்களுக்கு முதல் ஓட்டத்துல மட்டும் இது தடுக்கும், பழைய மூட்டை அவ்வளவு இருக்கு. அதைக் கையால ஓட்டிடுங்க.

கடலூர் ஓ.டி. | 9 நவம்பர், இரவு 7.25

அழிச்சேன், ஆனா டிஎஃப் (டிஸ்க் இடத்தைக் காட்டுற கட்டளை) இன்னும் 100 சதவீதம்னுதான் காட்டுது.

லாஸ்பேட்டை | 9 நவம்பர், இரவு 7.44

பெரும்பாலும் ஏதோ ஒரு புரோகிராம் அந்த ஃபைலைத் திறந்து வச்சிருக்கும். பேர்தான் போச்சு. அந்தப் புரோகிராம் விடுற வரைக்கும் இடம் திரும்பாது. எல்எஸ்ஓஎஃப் +எல்1 கொடுங்க, யார் பிடிச்சிருக்காங்கன்னு பேரோட வரும். அந்தச் சேவையை ரீஸ்டார்ட் பண்ணினா இடம் வந்துடும். லாக் ஃபைல்ல இது அடிக்கடி நடக்கும். லாக்கை இந்த ஸ்கிரிப்ட்டால அழிக்கக்கூடாது, அதுக்கு லாக்ரொட்டேட் இருக்கு.

இதுக்கு எதிர்ப்பக்கமும் ஒண்ணு உண்டு. ஜிபி கணக்குல இடம் இருக்கும், ஆனா "டிஸ்க்ல இடமில்ல"ன்னு எரர் வரும். டிஎஃப் -ஐ கொடுத்துப் பாருங்க. ஐநோடு (ஒரு ஃபைலுக்கு ஒண்ணுன்னு டிஸ்க் வச்சிருக்கிற பதிவு) தீர்ந்திருக்கும். பைட் பைட்டா இருக்கிற சின்ன ஃபைல் லட்சக்கணக்குல சேர்ந்தா இப்படி ஆகும், பெரும்பாலும் பிஎச்பி செஷன் ஃபைல்கள். அங்க ஆர்எம் நட்சத்திரம் போட்டா "ஆர்க்யுமென்ட் லிஸ்ட் டூ லாங்"னு திருப்பி அனுப்பிடும், ஷெல் அத்தனை பேரையும் ஒரே வரியில விரிக்கிறதால. ஃபைண்ட் டெலீட்டுக்கு அந்தத் தடை இல்ல.

மஞ்சக்குப்பம் | 12 நவம்பர், இரவு 10.10

ஒரு வாரப் பட்டியல் பார்த்தாச்சு, சுத்தம். இன்னிக்கு டெலீட்டைத் திறந்தேன், 31 ஜிபி 4 ஜிபி ஆயிடுச்சு. கடைசியா ஒண்ணுண்ணா. நிறைய பேர் ஆதார் நகல் அனுப்புறாங்க. அதுக்கும் ஏழு நாளா?

லாஸ்பேட்டை | 12 நவம்பர், இரவு 10.36

அதுக்கு ஏழு நாள் ரொம்ப அதிகம். பிரிண்ட் கொடுத்து காசு வாங்கின பிறகு அந்த நகலுக்கு உங்ககிட்ட வேலையே இல்ல. 2023-ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வாங்கின நோக்கம் முடிஞ்சா அழிக்கணும்னுதான் சொல்லுது.

அப்லோடு பக்கத்துல "அடையாள ஆவணம்"னு ஒரு தேர்வு வைங்க, அது தனி ஃபோல்டருக்குப் போகட்டும். அந்த ஃபோல்டருக்கு -எம்மின் +1440, கிரான் மணிக்கு ஒரு தடவை. அதுக்குத் தொட்டி வேண்டாம், நேரா அழிக்கணும். வெப் முகவரிக்கு வெளியில வைங்க. ஆர்டர் டேபிள்ல முதல்ல "அழிக்கப்படுது"ன்னு குறிச்சு, அப்புறம் அன்லிங்க், அது வெற்றின்னா "அழிச்சாச்சு". நடுவுல கரன்ட் போனாலும் அடுத்த ஓட்டம் "அழிக்கப்படுது"ன்னு நிற்கிறதை எடுத்து முடிச்சுடும்.

உங்க தினசரி பேக்கப்ல இருந்து அந்த ஃபோல்டரை விலக்கிட்டீங்களான்னு பாருங்க. ஆர்சிங்க்னா --எக்ஸ்க்ளூட். இல்லேன்னா இங்க ஒரு நாள்ல போறது அங்க மாசக்கணக்குல கிடக்கும். ஏற்கெனவே பேக்கப்ல ஏறினதை நீங்கதான் கையால எடுக்கணும், எக்ஸ்க்ளூட் பழசைத் தொடாது.